அன்னைக்கு ஈமக்கடன் ஆற்றிய பட்டினத்தடிகள்

ஆடித் திங்கள் அம்பிகைக்கு உரிய திங்கள். ஆடிப்பூர நன்னாளில் அம்மன் சன்னிதிகளில் வளைகாப்பு நடைபெறுவதும், அன்னைக்குச் சாத்திய கண்ணாடி வளையல்களைப் பெண்கள் பிரசாதமாகப் பெற்று அணிந்துகொள்வதும் அன்பர்கள் நன்கறிந்தவை. உலகனைத்தையும் ஈன்றவளைச் சூல் கொண்ட பெண்ணாகக் கண்டு மகிழும் விழா அது. அதே திங்களில் வரும் அமாவாசை, மறைந்த முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் நாள். அதே திங்களின் உத்திராடம், பட்டினத்தடிகளின் குருபூசைத் திருநாள். தாய்மையின் தொடக்கத்தைக் கொண்டாடும் சடங்கும், பெற்ற தாய்க்கு இறுதிக் கடன் ஆற்றியதால் பெரும்புகழ் எய்திய துறவியின் நாளும் இவ்வாறு ஒரே திங்களில் அமைந்திருக்கின்றன.

புக்கிட் பாத்தோக் போன்ற வட்டாரங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்விரண்டின் நெருக்கம் விளங்காததன்று. வீவக அடுக்குமாடியின் எந்தக் கீழ்த்தளத்தில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு நடைபெறுகின்றதோ, அதே கீழ்த்தளத்தில்தான் வேறொரு நாள் ஒரு தாயின் திருவுடல் கிடத்தப்பட்டு, பிள்ளைகள் சுற்றி நின்று வாய்க்கரிசி இடுகின்றனர். அங்கிருந்து மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும் முன் ஓதுவார் சிவபுராணத்தோடு பட்டினத்தடிகளின் பாடல்களையும் ஓதக் கேட்கலாம். கேட்டுக் கண் கலங்குவோர் பலர். அப்பாடல்கள் பிறந்த வரலாற்றை முழுமையாக அறிந்தோர் அத்துணைப் பேர் இலர்.

சோழவளநாட்டில் காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினம் அடிகளின் பிறப்பிடம். கடல் வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய வணிகர் குலத்தில் சிவநேசருக்கும் ஞானகலை அம்மையாருக்கும் மகவாகத் தோன்றினார். அருகிலுள்ள திருவெண்காட்டு இறைவனின் திருப்பெயரையே பெற்றோர் குழந்தைக்கு இட்டுத் திருவெண்காடர் என அழைத்தனர். திருவெண்காட்டின் முக்குளங்களில் நீராடி வழிபட்டால் மகப்பேறு வாய்க்கும் என்பது தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரின் பெற்றோரும் அங்கு வழிபட்டே அவரை ஈன்றனர். குபேரனே திருவெண்காடராக வந்து பிறந்தான் என்று புராண மரபு கூறும். தந்தையார் இளமையிலேயே மறைய, அன்னையே மகனை வளர்த்து ஆளாக்கினார் என்பர்.

பூம்புகார்த் தாய்மாருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் நிறைமாதமாக இருந்த இரத்தினாவதி என்னும் பெண், பூம்புகாரிலிருந்து தன் தாய் வந்து பேறு பார்ப்பாள் என வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தாள். காவிரியில் வெள்ளம் பெருகியதால் தாயால் ஆற்றைக் கடந்து வர இயலவில்லை. இறைவனே அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான். செவ்வந்திநாதர் தாயுமானவர் ஆன வரலாறு இதுதான். இன்றும் சுகப்பேறு வேண்டுவோர் அச்சன்னிதியில் வாழைத்தார் சாற்றி வழிபடுகின்றனர். பிறப்பில் காணிக்கையாகும் இவ்வாழையை இவ்வரலாற்றின் முடிவில் மீண்டும் காணப்போகிறோம்.

திருவெண்காடர் உரிய பருவத்தில் சிவகலை என்னும் நங்கையை மணந்தார். செல்வம் குறைவின்றி இருந்தது, மகப்பேறுதான் வாய்க்கவில்லை. அக்காலத்தில் திருவிடைமருதூரில் சிவசருமர், சுசீலை என்னும் ஏழை அந்தணத் தம்பதியர் இருந்தனர். அடியார்க்கு அமுது படைத்தே வறுமையுற்றவர்கள் அவர்கள். இறைவன் அவர்தம் கனவில் தோன்றி, தீர்த்தக் கரையில் ஒரு குழந்தை இருக்கும் என்றும், அதனைக் காவிரிப்பூம்பட்டினத்துத் திருவெண்காடரிடம் கொடுத்து எடைக்கு எடை பொன் பெறுமாறும் பணித்தான். அவ்வாறே குழந்தை துலாத்தட்டில் வைக்கப்பட்டது. பொன் மறுதட்டில் குவிந்தது. மருதவாணர் எனப் பெயரிட்டு, தொட்டிலிட்டுத் தாலாட்டி வளர்த்தனர்.

நோயுற்ற குழந்தையையோ நெடுநாள் தவமிருந்து பெற்ற குழந்தையையோ முருகன் சன்னிதியில் தத்துக் கொடுத்து, சிறிது தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது நம் மக்களிடையே உள்ள நேர்த்திக்கடன். பிள்ளை இறைவனுடையது, பெற்றவர் வளர்ப்பவரே என்பது அதன் உட்பொருள். திருவெண்காடரோ பொன் கொடுத்து வாங்கினார். அதனால் தமக்கே உரிய பிள்ளை என்று எண்ணினார் போலும். மருதவாணர் வளர்ந்து, மரக்கலம் ஏறி வாணிகம் செய்து மீண்டபோது கொண்டுவந்தவை தவிட்டு மூட்டைகளும் எருவறட்டிகளுமே. சினந்த தந்தை அவற்றை வீசியெறிய, உள்ளிருந்து மணிகள் சிதறின என்று வரலாறு கூறும். அவர் நாணித் தேடுவதற்குள் மகனைக் காணவில்லை. தாய் சிவகலையின் கையில் ஒரு பேழையைக் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான். பேழையில் இருந்தவை ஓர் ஓலை நறுக்கும் காது முறிந்த ஊசி ஒன்றுமே. இறுதி வழிக்கு அந்த ஊசியும் உடன் வாராது என்னும் அவ்வோலையின் கருத்து திருவெண்காடரைச் சுட்டது. அப்பொழுதே அனைத்தையும் துறந்தார். கருவூலத்தைத் திறந்துவிடும்படி கணக்கர் சேந்தனாரைப் பணித்தார். அதற்காக அரசனால் சிறை வைக்கப்பட்ட சேந்தனார், பின்னர் அடிகளின் வேண்டுதலால் விடுதலை பெற்றார். திருப்பல்லாண்டு பாடிய சேந்தனார் இவரே என்பது மரபு.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் ஊசியின் தத்துவத்தில் நின்றுவிடுகின்றனர். அந்த வீட்டில் அன்று இரு தாய்மார் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. சிவகலை மகனையும் கணவனையும் ஒருசேர இழந்தார். அவரைப் பற்றி வரலாறு அதற்குப்பின் ஏறத்தாழ வாய் திறப்பதில்லை. அது ஒரு குறையே. ஞானகலை அம்மையாரோ முதுமையில் பேரனையும் ஒரே மகனையும் பறிகொடுத்து நின்றார். பேரன் சொல்லாமற் போனதைக் கண்ட அந்த மூதாட்டி, மகனை அவ்வாறு போகவிட உடன்படவில்லை. துறவைத் தடுக்கவும் இல்லை. ஒன்றே ஒன்று வேண்டினார். தம் உயிர் பிரியும்போது மகன் எங்கிருந்தாலும் வந்து தம் கையால் தீ மூட்ட வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். அவர் இசைந்தார். அன்னை ஒரு துணியை முடிந்து மகன் அரையில் கட்டிவிட்டு, அம்முடிச்சு தானே அவிழும் நாளே தம் இறுதி நாள் என அறிந்துகொள்ளுமாறு கூறினார் என்பர்.

அரைஞாண் கட்டுவது குழந்தைக்குத் தாய் வீட்டார் செய்யும் முதற் சடங்குகளுள் ஒன்று. துறவு பூண்ட மகனுக்கு முதிய தாய் மீண்டும் ஒரு முடிச்சை இட்டு அனுப்பினார். மாளிகை, மரக்கலம், பொன், மனைவி, பெயர் யாவும் துறந்தவரிடம் அந்த ஒரு கட்டு மட்டும் எஞ்சியிருந்தது.

கோவணம் மட்டும் உடுத்துத் தம் ஊர்த் தெருக்களிலேயே அடிகள் ஐயமேற்று உண்டார். ஊரின் முதற் செல்வராக இருந்தவர் பிச்சை எடுப்பதைக் காணச் சகியாத தமக்கை, குலப்பெருமைக்கு இழுக்கு என்று கருதி நஞ்சு கலந்த அப்பத்தை அளித்தார். அதை உணர்ந்த அடிகள் அவ்வப்பத்தை வீட்டின் கூரைமேல் செருக, கூரை பற்றி எரிந்தது. தமக்கையைக் கொடியவர் என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. தம் வீட்டுப் பிள்ளை தெருவில் கையேந்தி நிற்பதைக் காணும் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும் நினைத்தல் வேண்டும். சோழ அரசனும் வந்து, இத்துறவால் அடைந்தது யாது என வினவினான். அரசன் நிற்கத் தாம் அமர்ந்திருப்பதே பயன் என்று அடிகள் விடை கூறினார் என்பது மக்கள் நாவில் வழங்கும் செய்தி.

நாள்கள் சென்றன. ஒருநாள் அரையிலிருந்த முடிச்சு அவிழ்ந்தது.

அடிகள் சுடுகாட்டை நோக்கி விரைந்தார். அதற்குள் உறவினர் உடலைக் கொண்டுவந்து உலர்ந்த விறகுகளை அடுக்கியிருந்தனர். துறவிக்குச் சடங்கு செய்யும் உரிமை இல்லை என்பது நூல்களின் விதி. துறவு பூணும்போதே தனக்குரிய கருமங்களையும் முடித்துவிட்டவன் பிறர்க்கு நீர்க்கடன் ஆற்றுதல் எவ்வாறு? இதே இடர்ப்பாடு காலடியில் ஆதிசங்கரருக்கும் நேர்ந்தது. அன்னை ஆரியாம்பாளுக்கு அளித்த வாக்கின்படி அவர் வந்தபோது உறவினர் உதவ மறுத்தனர். சங்கரர் தனியராகவே தம் இல்லத்து வளாகத்தில் அன்னைக்கு எரியூட்டினார். நாடும் காலமும் வேறாயினும், இவ்விரு துறவியரும் ஒரே இடத்தில் நூல்விதியினும் தாய்க்கு அளித்த வாக்கைப் பெரிதெனக் கொண்டனர். தந்தையைக் குறித்து இத்தகைய வரலாறு எந்தத் துறவிக்கும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை என்பதும் நோக்கத்தக்கது.

அடிகள் அவ்வுலர்ந்த விறகுகளை அகற்றச் செய்தார். பச்சை வாழைமட்டைகளையும் தண்டுகளையும் அடுக்கி, அவற்றின்மேல் அன்னையைக் கிடத்தினார். நீர் சொரியும் வாழை தீப்பற்றுவது இயற்கையில் இல்லை. கூடியிருந்தோர் வியந்து நோக்கினர். நெருப்பேதும் கொணராமல் அடிகள் பாடத் தொடங்கினார். பத்துப் பாடல்கள். தீ தானாக மூண்டு எழுந்தது என்பது வரலாறு.

அப்பாடல்களை இங்கு எடுத்துக்காட்டுதல் நோக்கமன்று. அவற்றை அறியாத வீடு இல்லை. அவற்றின் அமைப்பை மட்டும் கூறினால் போதும். வாசலில் நின்ற துறவி பேசும் மெய்ப்பொருள் விளக்கம் அவற்றில் சிறிதே. சுமந்த திங்கள்களும், பெற்ற நோவும், பாலூட்டியதும், தொட்டிலிலும் தோளிலும் மார்பிலும் இட்டுப் போற்றியதும், கொஞ்சி அழைத்த செல்லப் பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஊட்டிய அந்த வாய்க்கா இன்று அரிசி இடுவது, தழுவிய அந்த உடலுக்கா தீ மூட்டுவது எனக் கேள்விகள் எழுகின்றன. குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும் அன்னப்பிராசனத்தையும் இறுதியில் இடும் வாய்க்கரிசியையும் அடிகள் நேருக்கு நேர் நிறுத்திவிடுகிறார். தாய் செய்த ஒவ்வொரு செயலுக்கும் ஈடாக மகன் இன்று செய்யும் செயல் அவள் உணரமுடியாத ஒன்றாகிவிடுகிறது. தீ மூண்ட அற்புதத்தை நம்பத் தயங்குவோரும் இந்த இடத்தில் தயங்குவதில்லை.

வடநாட்டில் கயையில் இதற்கு இணையான சடங்கு ஒன்று உண்டு. அங்கு முன்னோர் அனைவர்க்கும் பிண்டம் இடும்போது தாய்க்கென்று தனியே பதினாறு பிண்டங்கள் இடுவர். மாத்ரு சோடசி என்பது அதன் பெயர். கருவைச் சுமந்த துன்பம், பேற்றுநோவு, குழந்தைக்காக உறக்கமும் உணவும் இழந்தது என ஒவ்வொன்றையும் கூறி, அத்துன்பத்தைத் தான் விளைவித்ததற்காக ஒவ்வொரு பிண்டத்தை மகன் வைப்பான். குசராத்தின் சித்தபூர், தாய்க்குக் கடன் செய்வதற்கென்றே மாத்ரு கயை எனப் போற்றப்படுகிறது. கபில முனிவர் தம் அன்னை தேவஹூதியோடு தொடர்புடைய தலம் அது. கயையில் மந்திரமும் பிண்டமும் செய்வதை அடிகள் தமிழால் செய்தார் எனலாம்.

அடிகளின் பிற பாடல்களைக் கற்றோர்க்கு இங்கு ஓர் ஐயம் எழும். பெண்ணுடலை இகழ்ந்தும், நிலையாமையைக் கூறி உறவுகளைப் பொய்யென்றும் கடுமையாகப் பாடியவர் அவர். அவ்வாயே தாயின் உடலை நினைந்து உருகுவது எவ்வாறு? முரண் என்று கூறி ஒதுக்குவதினும், அவர் துறவு எந்த எல்லைவரை சென்று நின்றது என்பதை இது காட்டுவதாகக் கொள்வதே பொருந்தும். உலகத்தை விட்டார், தாய்க்குப் பட்ட கடனை மட்டும் விட்டுவிட வழி காணவில்லை. அதைத் தீர்த்த பின்னரே அவர் காலில் கட்டில்லை.

பட்டினத்தார் என்னும் பெயரில் இருவரேனும் இருந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பதினோராம் திருமுறையில் பட்டினத்துப் பிள்ளையார் அருளிய கோயில் நான்மணிமாலை, திருக்கழுமல மும்மணிக்கோவை, திருவிடைமருதூர் மும்மணிக்கோவை, திருவேகம்பமுடையார் திருவந்தாதி, திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது என்னும் ஐந்து நூல்கள் உள்ளன. அவற்றின் நடை வேறு. அன்னைக்குப் பாடியவை முதலான எளிய பாடல்களின் நடை வேறு. பின்னவை சில நூற்றாண்டு பிற்பட்டவை என்பர். மக்கள் மனத்தில் இருவரும் ஒருவராகவே விளங்குகின்றனர். 1962இல் டி. எம். சௌந்தரராசன் பட்டினத்தாராக நடித்த திரைப்படம் வெளிவந்தது. இன்றும் பலருக்கு அடிகள் என்றதும் நினைவில் எழுவது அவர் குரலே.

அன்னையின் கடன் முடித்த அடிகள் தலங்கள் தோறும் சென்றார். உச்சயினியில் செய்யாத களவுக்காகக் கழுவேற்றக் கட்டளையிடப்பட்டபோது கழுமரம் எரிந்ததும், அதுகண்டு அரசர் பத்திரகிரியார் அரியணை துறந்து அவருக்கு அடியாரானதும், திருவிடைமருதூரில் குரு ஒரு வாயிலிலும் சீடர் மற்றொரு வாயிலிலும் அமர்ந்திருந்ததும், பத்திரகிரியாரின் திருவோடும் நாயும் பற்றிய நிகழ்ச்சியும் தனியே எழுதத்தக்கவை. சீடர் தமக்கு முன் முத்தி பெற்றதைக் கண்ட அடிகள், தமக்கு அந்நாள் எப்பொழுது என இறைவனை வேண்டினார். பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கின்றதோ அங்கே என்று விடை கிடைத்தது. கையில் கரும்போடு ஊர் ஊராகச் சென்றவருக்குத் திருவொற்றியூர்க் கடற்கரையில் அது இனித்தது. அங்கு விளையாடிக்கொண்டிருந்த சிறுவரோடு தாமும் விளையாடி, தம்மைக் கூடையால் மூடச் செய்தார். கூடையைத் திறந்தபோது சிவலிங்கம் இருந்தது. வணிகர் மாளிகையில் தாலாட்டப்பெற்றவரின் இறுதிப் பொழுது, ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் நடுவே கழிந்தது.

கடல் கடந்து வந்த தமிழர்க்கு இவ்வரலாறு பிறரினும் சற்று அதிகமாக நெஞ்சைத் தொடுவதற்குக் காரணம் உண்டு. பூம்புகாருக்குத் தெற்கே அதே கடற்கரையில் உள்ள நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறிச் சிங்கப்பூர் வந்தவர்கள் பலர். அவர்களை வழியனுப்பிய தாய்மாரும் ஏதோ ஒரு முடிச்சை இட்டே அனுப்பினர். திருநீற்றுப் பொட்டலமோ, மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கைக் காசோ. தாய் மறைந்த செய்தியைத் தந்தி கொண்டுவந்தபோது, கப்பலேறினாலும் ஊர் சேர ஒரு வாரத்திற்கு மேலாகும். எரியும் முடிந்திருக்கும், பாலும் தெளித்திருப்பர். கொள்ளி வைக்கும் உரிமை தம்பிக்கோ பங்காளிக்கோ சென்றிருக்கும். இங்கிருந்த மகன் தலைமுழுகி, மொட்டையடித்து, பதினாறாம் நாள் காரியத்தை ஊர்க்கணக்கில் கணித்துச் செய்தான். அவ்வாறு செய்தோர்க்கும் கடன் தீர்ந்ததே என்று பெரியோர் கூறுவர். ஆடி அமாவாசையிலும் மகாளய அமாவாசையிலும் பெயர் சொல்லி இறைக்கும் நீர், முகம் காணாது பிரிந்த தாயைச் சேரும் என்பது நம் சாத்திரத்தின் துணிபு. ஆயினும் அவ்வேளையில் அடிகளின் பாடல்களைக் கேட்கும்போது அந்தத் தலைமுறையினர் அழுவது வேறு வகையான அழுகை.

1859இல் டேங்க் சாலையில் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பிய நகரத்தார், அடிகளைத் தம் குலத்து ஞானியாகவே போற்றுகின்றனர். கடல் வாணிகம் செய்தோர், கடல் வாணிகத்தைத் துறந்தவரைத் தம் குருவாகக் கொண்டது வியப்புக்குரியதே. பூம்புகார்ப் பல்லவனீச்சரத்தில் ஆடித் திங்கள்தோறும் அவர்கள் பட்டினத்தார் திருவிழாவைப் பல நாள் நிகழ்த்தி, அடிகளின் வரலாற்று நிகழ்ச்சிகளை விழாவாக நடத்திவருகின்றனர். திருவொற்றியூரில் கடலை அடுத்துள்ள அடிகளின் சமாதிக் கோயிலில் ஆடி உத்திராடத்தன்று குருபூசை நடைபெறுகின்றது. அங்கு செல்லும் அன்பர்கள் கரும்பு கொண்டுசென்று படைத்து வழிபடலாம்.